கெட்சை விட்டவன் துரோகி அல்ல

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளையின் கையில் போன் கொடுத்திருக்கும் பெற்றோர் மட்டும் கட்டாயம் வாசியுங்கள்.

பெரிய மெட்ச் ஒன்று நடந்தால், மறுநாள் காலையில் பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு வழக்கைத் தீர்ப்பது ஆசிரியர் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. முன்பும் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். அவுட் கொடுக்கவில்லை, பட்டை ஒளித்துவிட்டான், பந்து ரப்பர் மலைக்குள் போய்விட்டது, யார் தேடுவது என்று சண்டை. இடைவேளை மணி அடித்தால் அதுவும் முடிந்துவிடும். இப்போது வரும் வழக்கு வேறு மாதிரி. "சேர், இவன் குரூப்பில என்ன போட்டிருக்கான் பாருங்க" என்று போனைக் காட்டுகிறார்கள். இந்திய அணியின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்த தோட்டத்துப் பையனுக்கு "அப்ப இந்தியாவுக்கே போ" என்று யாரோ எழுதியிருப்பார்கள். பாகிஸ்தான் வென்றிருந்தால், முஸ்லிம் பையன் ஒன்றுமே போடாமல் இருந்தாலும், "உங்க ஆளுங்க வென்றுட்டாங்களே" என்று அவனைக் குத்தியிருப்பார்கள். இந்த வார்த்தைகளால் அடிபடும் அதே பிள்ளைகள், பின்னேரம் வேறொரு பக்கத்துக்குப் போய், கெட்சை விட்ட ஒரு வீரனின் தாயைப் பற்றி வாயில் சொல்ல முடியாததை எழுதிவிட்டு வருகிறார்கள்.

இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முதலில் முகம்மது ஷமியின் கதை. பலருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முழுவதையும் ஒரு தடவை வரிசையாகப் பார்ப்போம்.

2021 ஒக்டோபர் 24. துபாயில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணப் போட்டி. உலகக் கிண்ணம் ஒன்றில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றது அதுதான் முதல் தடவை. அதுவும் பத்து விக்கெட்டால். பத்து விக்கெட்டால் தோற்பது என்றால் என்ன? எந்தப் பந்துவீச்சாளருக்கும் ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம். ஷமிக்கு 3.5 ஓவரில் 43 ஓட்டங்கள் போயின, விக்கெட் இல்லை. மற்றவர்களுக்கும் விக்கெட் இல்லை. ஆனால் அன்றிரவு அவருடைய பக்கத்தில் போய் "துரோகி", "எவ்வளவு காசு வாங்கினாய்", "பாகிஸ்தானுக்குப் போ" என்று எழுதினார்கள். பதினொரு பேர் சேர்ந்து தோற்ற மெட்ச்சில் ஒருவரை மட்டும் ஏன் தேடிப் பிடித்தார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. பெயர் போதும்.

ஆறு நாள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, அணித்தலைவர் விராட் கோலி ஊடகங்களுக்கு முன்னால் ஷமிக்காக வெளிப்படையாகப் பேசினார். ஒருவரை மதத்தின் பேரால் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிகக் கேவலமான வேலை என்ற கருத்தில் சொன்னார். அதற்கு அவருக்குக் கிடைத்த பதில் என்ன? ஒரு வயதுகூட ஆகாத அவருடைய பெண் குழந்தைக்குப் பாலியல் மிரட்டல். அதை எழுதியவனை நவம்பரில் மும்பைப் பொலிஸார் ஹைதராபாத்தில் பிடித்தார்கள். 23 வயது. ஐ.ஐ.டி.யில் படித்த மென்பொருள் பொறியியலாளர். அது பாகிஸ்தான்காரனின் வேலை என்று அதுவரை பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்கு இந்த ஒரு செய்தி போதும். பரீட்சையில் சித்தியடைவது வேறு, நாவையும் விரலையும் அடக்கப் பழகுவது வேறு. இரண்டாவதை நாங்கள் பாடசாலையில் தனியாகக் கற்பிப்பதில்லை. வீட்டிலும் பலர் கற்பிப்பதில்லை.

ஷமியின் கதை அத்தோடு முடியவில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் ஏழு போட்டிகளில் 24 விக்கெட். அந்தத் தொடரில் யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் நம் இலங்கை அணி 55 ஓட்டங்களுக்குச் சுருண்டதே, அன்று 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தவர் அவர்தான். அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். துரோகி என்ற அதே நாடு தலையில் தூக்கி வைத்து ஆடியது.

இனி எங்கள் பக்கம். இதை முஸ்லிம் சகோதரர்கள் கவனித்து வாசியுங்கள். 2025 மார்ச் 4, ரமழான் மாதம், அதே துபாய். சாம்பியன்ஸ் கிண்ண அரையிறுதியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஷமி மைதானத்தில் எதையோ குடித்தார். அந்தப் படம் பரவியது. உத்தரப் பிரதேசத்து மௌலவி ஒருவர் அவரை மார்க்கத்தின் பார்வையில் குற்றவாளி என்றார். பிறகு ஆயிரக்கணக்கானோர் அவரவர் பங்குக்கு எழுதினார்கள். இலங்கையிலும் அந்தப் படத்தைப் பகிர்ந்து "இவனெல்லாம் முஸ்லிமா" என்று கேட்டவர்களை நான் பார்த்தேன். பிரயாணத்தில் இருப்பவருக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய அனுமதி இருக்கிறது என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அது தெரியாதவர்களா எழுதினார்கள்? தெரிந்தவர்கள்தான். ஆள் கிடைத்தான், அடித்தார்கள். அவ்வளவுதான்.

2021இல் முஸ்லிம் என்பதற்காக அடி. 2025இல் போதிய முஸ்லிம் இல்லை என்பதற்காக அடி. முதல் அடியைக் கண்டு கொதித்தவர்களில் சிலர் இரண்டாவது அடியில் கைகலந்துகொண்டார்கள். சூரத்துல் ஹுஜுராத்தைப் பள்ளியில் ஓதிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்லாஹ் எப்படித் தடுத்திருக்கிறான், புறம்பேசுவதை எதற்கு ஒப்பிட்டிருக்கிறான் என்பது எங்களில் பலருக்கு மனப்பாடம். போனைத் திறந்தால் அது மறந்து போகிறது.

ஒரு சமூகத்தை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் முடியாது. 2022 செப்டெம்பர் 4, ஆசியக் கிண்ணம், மறுபடியும் இந்தியா–பாகிஸ்தான். 18ஆவது ஓவரில் அர்ஷ்தீப் சிங் ஒரு இலகுவான கெட்சை விட்டார். சீக்கியப் பையன். உடனே அவரைக் காலிஸ்தான்காரர் என்றார்கள். விக்கிப்பீடியாவில் அவருடைய பக்கத்துக்குள்ளேயே புகுந்து அப்படி மாற்றி எழுதினார்கள். அந்த மெட்ச்சின் கடைசி ஓவரில் வெறும் ஏழு ஓட்டத்தை வைத்துக்கொண்டு ஐந்தாவது பந்துவரை இழுத்துச் சென்றவரும் அவர்தான் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 2024இல் இந்தியா உலகக் கிண்ணம் வென்றபோது அந்தத் தொடரில் ஆகக் கூடுதலான விக்கெட் எடுத்தவர்களில் அவரும் ஒருவர், 17 விக்கெட்.

கெட்ச் எல்லாருக்கும் தவறும். பெரும்பான்மை சமூகத்தைச் சேர்ந்தவன் விட்டால் அது வழுக்கிய கை. சிறுபான்மைக்காரன் விட்டால் அது துரோகம். அங்கே முஸ்லிமுக்கும் சீக்கியருக்கும் நடந்ததை நாம் புரிந்துகொள்ள நீண்ட விளக்கம் தேவையில்லை. இங்கே நாமும் அந்த இடத்தில் நிற்பவர்கள்தான்.

முரளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர். 1977 கலவரத்தில் அந்தக் குடும்பமும் அடிபட்டது. அந்த வீட்டிலிருந்து வந்த பையன் டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்தார். உலகில் வேறு யாருக்கும் இல்லாத கணக்கு. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயர் ஏழு தடவை நோ போல் என்றார். அதற்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் அவர் பந்தைக் கையில் எடுத்தாலே கூட்டம் நோ போல் என்று கத்தியது. 2004இல் அந்த நாட்டுப் பிரதமரே வாய் விட்டார். அந்த வருடம் நடந்த அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை.

பதினாறு வருடம் கழித்து 2020 ஒக்டோபரில் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கப் போகிறார்கள் என்று அறிவித்ததும் வேறொரு பக்கத்திலிருந்து கூச்சல் வந்தது. முரளியின் அரசியல் பேச்சுகளில் எனக்கும் உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு. அவற்றைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் நடந்தது என்ன? அவராக நடிக்கவிருந்த விஜய் சேதுபதியை விலகச் சொல்லி முரளியே கடிதம் எழுதினார், அவரும் விலகினார். அதன் பிறகும் அடங்காமல், அந்த நடிகரின் சின்ன மகளுக்கு ட்விட்டரில் பாலியல் மிரட்டல் வந்தது. சென்னைப் பொலிஸார் வழக்குப் பதிந்து விசாரித்தபோது, அது இலங்கையிலிருந்து போடப்பட்டது என்றார்கள். நம் நாட்டிலிருந்து, ஒரு தமிழ்க் குழந்தைக்கு எதிராக.

2020இல் ஒரு நடிகரின் மகள். 2021இல் ஒரு கிரிக்கெட் வீரரின் மகள். இரண்டு பிள்ளைகளும் எந்த மெட்ச்சிலும் ஆடவில்லை. இரண்டு பேருக்கும் எழுதியவர்கள் தங்களைப் பற்றாளர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒருவனுக்கு நாட்டுப்பற்று, மற்றவனுக்கு இனப்பற்று.

இதைச் சொன்னால் இளைஞர்கள் எனக்கு மூன்று பதில் சொல்கிறார்கள்.

முதலாவது: "சேர், அவங்க கோடிக்கணக்கா உழைக்கிறாங்க. நாலு பேச்சுக் கேட்டா என்ன?" சம்பளத்தில் ஏச்சுக்கும் சேர்த்தா காசு கொடுக்கிறார்கள்? தோட்டத்தில் துரை ஏசினால், "சம்பளம் வாங்குறான்தானே" என்று நாம் விட்டுவிடுகிறோமா? பெயர் போட்டாலும் மனிதனை மரியாதையாகக் கூப்பிடு என்று சங்கம் வைத்துப் போராடிய மக்கள் நாம்.

இரண்டாவது: "சும்மா பகிடிக்குத்தான்." பகிடி என்றால் பகிடிக்கு ஆளானவனும் கொஞ்சமாவது சிரிக்க வேண்டும். 2018 மார்ச் 18ஆம் திகதி கொழும்பில் நடந்த சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பையன் விஜய் சங்கர் முஸ்தாபிஸுரின் பந்துகளைத் தொட முடியாமல் திண்டாடினார். 19 பந்தில் 17 ஓட்டம். இன்னொரு தமிழ்நாட்டுக்காரர் தினேஷ் கார்த்திக் வந்து 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தில் சிக்ஸரோடு முடித்தார். இந்தியா வென்றது. வென்ற பிறகும் விஜய் சங்கரை விடவில்லை. தமிழ் மீம் பக்கங்களும் சேர்ந்துகொண்டன. தோற்ற கோபம் என்று சொல்லவும் வழியில்லை, அணி வென்றிருந்தது. ஏச ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். அது தொடங்கிய நாள் 2018 மார்ச் 6. அதே நாளில்தான் திகன கலவரத்துக்காக நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது. பேஸ்புக் திரும்பி வந்தது 15ஆம் திகதி, இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் முன்னர். கண்டியில் கடைகளும் பள்ளிகளும் எரிந்ததில் தங்கள் தளத்துக்கும் பங்கு இருந்தது என்பதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. ஒரு கொமென்ட் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. தீ வைத்தவன் கையில் நெருப்புப் பெட்டி இருந்தது உண்மை. அதற்கு முன் மாதக்கணக்காகக் காய்ந்த விறகை அடுக்கியவர்கள், "சும்மா பகிடிக்கு" எழுதியவர்கள்.

மூன்றாவது பதில்தான் எனக்கு முக்கியம்: "நாங்க தமிழில எழுதுறதை அவங்க எங்க வாசிக்கப் போறாங்க?"

உண்மைதான். ஷமி உங்கள் கொமென்ட்டை வாசிக்கப் போவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. கோலிக்கும் தெரியாது. அப்படியானால் அதை யார் வாசிக்கிறார்கள்? உங்கள் குரூப்பில் இருக்கும் முஸ்லிம் பையன் வாசிக்கிறான். "துலுக்கன் புத்தி" என்று நீங்கள் ஷமிக்கு எழுதியது அவனுக்குப் போய்ச் சேர்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன் இந்திய அணியைத் திட்டும் சாட்டில் "தோட்டக்காட்டான்" என்று எழுதினால் அதை வாசிப்பது ரோகித் சர்மா அல்ல, எட்டாம் நம்பர் லயத்தில் இருக்கும் அவனுடைய வகுப்புத் தோழன். நம் பிள்ளைகள் சிங்கள வீரர்களைப் பற்றிக் கேவலமாக எழுதினால் அதை வாசிப்பது குசல் மெண்டிஸ் அல்ல, சந்தியில் கடை வைத்திருக்கும் அண்ணனின் மகன். அடி போவது துபாய்க்கு, விழுவது பெல்மதுளையில். அடி போவது மும்பைக்கு, விழுவது தெரணியகலையில்.

"இந்தியாவுக்குப் போ" என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் ஒரு மீம் போல எழுதுகிறார்கள். அதன் நிறை அவர்களுக்குத் தெரியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் அண்ணன் தம்பிமார் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை போனது. 1981 ஆகஸ்டில் இரகுவானை, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் என்ன நடந்தது என்று வீட்டில் இருக்கும் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு இராத்திரியோடு காட்டுக்குள் ஓடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு கிரிக்கெட் மெட்ச்சுக்காக அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது. யாரும், யாருக்கு எதிராகவும்.

ஒருவன் எந்த அணியை ரசிக்கிறான் என்பது அவன் எந்த நாட்டுக்கு உரியவன் என்பதற்கான அத்தாட்சி இல்லை. அவனுடைய அடையாள அட்டை அவனுடைய சட்டைப் பையில் இருக்கிறது. பிரேசிலுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் நம் ஊரில் கொடி கட்டுகிறார்களே, அவர்களை யாராவது தென்னமெரிக்காவுக்குப் போகச் சொல்கிறார்களா?

இனி, நம் மைதானங்களுக்கு வருவோம். பெரிய வீரர்களை ஏசிப் பழகிய விரல் சின்னப் பிள்ளைகளிடமும் அதே வேலையைத்தான் செய்யும். எனக்குத் தெரிந்த ஒரு பையன். நல்ல களத்தடுப்பாளன். தோட்டங்களுக்கிடையிலான மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றில் கடைசி ஓவரில் ஒரு கெட்சை விட்டான். யாரோ அதை வீடியோ எடுத்து, வடிவேலுவின் குரலைப் போட்டு, டிக்டொக்கில் ஏற்றிவிட்டார்கள். அவன் தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் அந்த வசனத்தைச் சொன்னார்கள். அவனுடைய அம்மா கொழுந்து நிறுக்குமிடத்தில் நிற்கும்போதும் சொன்னார்கள். மூன்று மாதம் அவன் மைதானத்துக்கு வரவில்லை, பாடசாலைக்கும் ஒழுங்காக வரவில்லை. வீடியோவைப் போட்டவன் கெட்டவன் இல்லை, அதே அணியில் ஆடுபவன்தான். அவனுக்கும் அது ஒரு பகிடி.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். வலய மட்டத்தில் வென்று மாகாண மட்டத்துக்குப் போகும் பிள்ளையை வாழ்த்திப் படம் போடவே பயமாக இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை கட்டைக் காற்சட்டையில் ஓடினால் ஒரு வகைக் கொமென்ட். எங்கள் பிள்ளை முழுக்க மூடிக்கொண்டு ஓடினால் வேறு வகைக் கொமென்ட்: ஆண்கள் முன்னால் ஏன் ஓடுகிறாள் என்று. இரண்டையும் எழுதுவது பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். அந்தக் கொமென்ட்டைப் பார்த்த தகப்பன் அடுத்த முறை பயிற்சிக்கு அனுப்ப மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

2000 செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் சுசந்திகா ஜயசிங்க பதக்கம் வென்றார். 1948இல் டங்கன் வைட் வென்ற பிறகு இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். ஊக்கமருந்தை ஒப்புக்கொண்ட மேரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு, அந்த வெண்கலம் வெள்ளியாக மாறியது. அவர் எந்த மாவட்டம்? நம் கேகாலை மாவட்டம், அத்னாவல. இன்று அதே மாவட்டத்தில் இன்னொரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்கலாம். அவளுடைய முதல் படத்துக்குக் கீழே நாம் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் அவள் இரண்டாவது ஓட்டத்துக்கு வருவாளா இல்லையா என்பது இருக்கிறது.

பந்தயம் கட்டும் பழக்கமும் இதற்குள் இருக்கிறது. டென்னிஸ் விளையாட்டின் சர்வதேச அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி, 2024இல் 458 வீரர்களுக்கு ஏறத்தாழ 8,000 வசைப் பதிவுகள் போயிருக்கின்றன. பத்தில் நான்கு, பந்தயத்தில் காசு விட்டவர்கள் எழுதியவை. நம் இளைஞர்களும் போனில் பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். சம்பள நாளில் காசு போகிறது, இராத்திரி அந்தக் கோபம் ஒரு வீரனின் பக்கத்தில் கொட்டப்படுகிறது. மகன் இரவிரவாக யாரையோ திட்டி எழுதிக்கொண்டிருந்தால், அது வெறும் கிரிக்கெட் பைத்தியமா என்று பெற்றோர் ஒரு தடவை விசாரிப்பது நல்லது.

"அப்ப ஒண்டுமே சொல்லக் கூடாதா சேர்?" என்று கேட்கலாம். நிறையச் சொல்லலாம். தேர்வு பிழை என்று சொல்லுங்கள். அந்த அடி தேவையில்லாதது என்று சொல்லுங்கள். 2023 செப்டெம்பர் 17இல் நம் அணி பிரேமதாசவில் 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தபோது வயிறு எரியாதவர் யார்? கிரிக்கெட் சபையின் கணக்கு வழக்கைக் கேளுங்கள், சப்ரகமுவ மாகாணத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏன் ஒரு நல்ல மைதானம் இல்லை என்று கேளுங்கள். 2021 ஜூனில் இங்கிலாந்தில் தொடர்ந்து தோற்றபோது, இலங்கை ரசிகர்கள் வீரர்களின் பேஸ்புக் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்தச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தினார்கள். யாருடைய தாயையும் இழுக்காமல் கோபத்தைக் காட்ட அப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் விமர்சனம். ஆளின் மதம், இனம், நிறம், குடும்பம் என்று போனால் அது வசை. கோடு இவ்வளவு தெளிவு.

பெயரை மறைத்து எழுதினால் பிடிபட மாட்டோம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் பெனால்ட்டியைத் தவறவிட்ட ராஷ்போர்ட், சாஞ்சோ, சாகா என்ற மூன்று கறுப்பின வீரர்களை இங்கிலாந்தில் குரங்கு என்றெல்லாம் எழுதினார்கள். ட்விட்டர் நிறுவனம் நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 வீதமானவற்றின் சொந்தக்காரர் யார் என்பது அடையாளம் காணக்கூடியதாக இருந்தது என்று பிறகு அறிவித்தது. பலர் கைதானார்கள். இங்கும் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் இப்படியான சட்டங்கள் பலவீனமானவன் மேல்தான் முதலில் பாயும் என்பதைக் கண்ட சமூகங்கள் நாங்கள். எனக்குச் சட்டத்தைவிட ஊரில்தான் நம்பிக்கை.

ராஷ்போர்ட்டின் ஊரான மன்செஸ்டரில் அவருடைய சுவரோவியத்தை அன்றிரவு யாரோ அசிங்கப்படுத்தினார்கள். மறுநாள் ஊர் மக்கள் வந்து, பிள்ளைகள் எழுதிய கடிதங்களாலும் பூக்களாலும் அந்த இடம் தெரியாமல் மூடினார்கள். அதைச் செய்ய எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

நம் ஊரில் செய்யக்கூடியவை சில.

வட்ஸ்அப் குரூப் நடத்தும் தம்பிமார்களே, மெட்ச் நாளில் ஒரு விதியைப் போடுங்கள். ஆட்டத்தைப் பற்றி எதையும் பேசலாம். இனம், மதம், வீட்டார் பேச்சு வந்தால் எழுதியவர் ஒரு வாரம் வெளியே. உங்கள் நெருங்கிய நண்பனாக இருந்தாலும் வெளியே.

விளையாட்டுக் கழகங்களும் தோட்டத்து இளைஞர் சங்கங்களும் சுற்றுப்போட்டி விதிமுறைகளில் ஒரு வரியைச் சேருங்கள்: யாருடைய வீடியோவையும் கேலிக்காகப் போட்டால் போட்டவரின் அணிக்குப் புள்ளி குறையும். ஒரு தடவை புள்ளியைக் குறைத்துப் பாருங்கள், பிறகு பேசத் தேவையில்லை.

பள்ளி நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் பன்சலையின் ஹாமுதுருவும் பெரிய மெட்ச்சுக்கு முந்திய நாளில் இரண்டு நிமிடம் இதைப் பற்றிச் சொன்னால், நான் வகுப்பில் இரண்டு மாதம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு யாராவது இப்படி எழுதினால் பதிலுக்கு எழுத வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். 2021 ஜனவரியில் சிட்னியில் கூட்டத்திலிருந்து நிறத்தைச் சொல்லி ஏசியபோது முகமது சிராஜ் திருப்பி ஏசவில்லை. பந்து வீசுவதை நிறுத்தி, தலைவரிடமும் நடுவரிடமும் போய் முறையிட்டார். ஆட்டம் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். ஓட்டோ ஓட்டியவரின் மகன் அவர். முறையிடுவது கோழைத்தனம் இல்லை. மிரட்டல் வந்தால் சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்துக்கு எடுங்கள். தனியாக வைத்துப் புழுங்க வேண்டாம்.

அதே சிராஜ்தான் 2023இல் கொழும்பில் நம் அணியை 50க்குச் சுருட்டியவர், 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். அன்று கிடைத்த ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை மழையில் நனைந்து மைதானத்தை மூடித் திறந்த இலங்கை ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஊழியர்களில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த பெரிய மெட்ச் வரும். யாராவது கெட்சை விடுவார்கள், அது நிச்சயம். அப்போது கை போனுக்குப் போகும். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்: இதை வாசிக்கப் போவது அந்த வீரன் அல்ல, நாளைக் காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரப் போகிறவன்.

இந்தப் பதிவை உங்கள் ஊர்க் குரூப்புகளில் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஆளை விட்டுவிட்டுக் கருத்தோடு மோதுங்கள்.

வஸ்ஸலாம்.